கசியாத பை காயாது

மலையேறப் போகிறவர்களின் முதுகுப்பையில் ஹைட்ரேஷன் பிளாடரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு அல்லது மூன்று லிட்டர் பிடிக்கிற, மடங்கக்கூடிய பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தோள் மேலாக வரும் ஒரு மீட்டர் குழாய். குழாயின் முனையில், கடித்தால் திறக்கும் ஒரு வால்வு. நிற்காமல், பையை இறக்காமல், நடந்துகொண்டே குடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

இதை வாங்கிய எல்லோரும் முதல் பயணம் முடிந்த மறுநாள் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: இதை எப்படிக் காயவைப்பது? தலைகீழாகத் தொங்கவிட்டால் பையின் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்கின்றன. குழாய்க்குள் துணி நுழையாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் இரண்டு சொட்டு உருண்டுகொண்டே இருக்கும். அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த பயணத்துக்கு எடுத்தால், குழாயின் உள்சுவரில் கறுப்புப் புள்ளிகள்.

பத்து வருஷமாக மலைகளுக்குப் போய்வருகிறேன். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பையை விட்டுவிட்டு மறுபடி பாட்டிலுக்கே போனதைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் எடையோ விலையோ சொல்வதில்லை. "கழுவி மாளல சார்" என்பதுதான் பதில்.

இதுல வரலாறு எங்கே வந்தது என்று கேட்கலாம். மனிதர்கள் மடங்கும் பையில் தண்ணீர் சுமப்பது குறைந்தது மூவாயிரம் வருடப் பழக்கம். அத்தனை காலமும் பையை ஓய்வில் எப்படி வைப்பது என்ற கேள்வி இருந்திருக்கிறது. ஆனால் நம்முடைய கேள்வியும் அவர்களுடைய கேள்வியும் நேர் எதிரானவை. அவர்களுக்குப் பை காய்ந்துவிடுமே என்று கவலை. நமக்குக் காயமாட்டேன் என்கிறதே என்று கவலை. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்போது, எதனால் நடந்தது என்று தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துருத்தி

தமிழில் இந்தப் பொருளுக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: துருத்தி. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கொல்லன் பட்டறையில் காற்று ஊதும் தோல் பைதான் நினைவுக்கு வரும். ஆனால் நீர் நிரப்பும் தோல் பைக்கும் அதே பெயர்தான். பைபிளைத் தமிழாக்கியவர்கள் தண்ணீரும் திராட்சரசமும் வைக்கும் தோல் பைக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆபிரகாம் ஆகாரை அனுப்பிவைக்கும்போது அவள் தோளில் வைத்தது ஒரு துருத்தித் தண்ணீர்.

பைபிளில் துருத்தி வருகிற இடங்களை வெறும் பொருள்சார் சான்றாக மட்டும் படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். யோசுவாவின் புத்தகத்தில் கிபியோன் ஊர்க்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்துவிட்டு, வெகுதூரத்திலிருந்து வந்ததாக நம்பவைக்க வேண்டும். அதற்காக அவர்கள் எடுத்துவந்த சாட்சிகளில் முக்கியமானது, கிழிந்து தைக்கப்பட்ட பழைய துருத்திகள். வாகனத்தின் டயரைப் பார்த்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்வது மாதிரி, துருத்தியைப் பார்த்துப் பயணத்தின் நீளத்தை மதிப்பிட அந்தக் கால மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு இடம் 119ஆம் சங்கீதம். பாடுகிறவர் தன் வாடிய நிலையைப் புகையில் இருக்கும் துருத்தியோடு ஒப்பிடுகிறார். புகைபோக்கி இல்லாத வீடு. உபயோகத்தில் இல்லாத தோல் பை உயரத்தில் தொங்குகிறது. அடுப்புப் புகை பட்டுப் பட்டுச் சுருங்கிக் கறுத்துப்போகிறது. இரண்டு பயணங்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்ப் பைக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. அங்கே அழிவின் பெயர் பூஞ்சை இல்லை, காய்ச்சல். காய்ந்து போதல்.

தோலின் இயல்பு அப்படி. தோல் என்பது நார்களின் பின்னல். ஈரமும் கொழுப்பும் இருக்கும்வரை நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும், தோல் வளையும். முழுக்கக் காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மடித்தால் வெடிப்புத்தான். வெடித்த தோலைத் தைக்கலாம், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே தோல் பை வைத்திருப்பவருக்கு விதி எளிது: ஒன்று நனைந்தபடி வை, இல்லையென்றால் எண்ணெயோ கொழுப்போ தடவி வை.

ஹெரோடோட்டஸ் நம்பாத குழாய்

தோலுக்கு இன்னொரு இயல்பு உண்டு. அது கசியும். எவ்வளவு நன்றாகப் பதப்படுத்தினாலும் கொஞ்சம் கசியும். இதற்கு ஹெரோடோட்டஸ் எழுதிய ஒரு கதை நல்ல உதாரணம்.

கி.மு. 525இல் பாரசீக மன்னன் கேம்பிசஸ் எகிப்தின் மேல் படையெடுத்தான். நடுவில் நீரில்லாத பாலைவனம். அரேபிய அரசன் ஒருவன் உதவினான். எப்படி என்பதற்கு ஹெரோடோட்டஸ் இரண்டு கதைகள் தருகிறார். முதல் கதையில், அவன் ஒட்டகத் தோல்களில் நீர் நிரப்பி, உயிருள்ள ஒட்டகங்கள் மேல் ஏற்றிப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய்க் காத்திருந்தான். இரண்டாவது கதையில், மாட்டுத் தோல்களையும் வேறு தோல்களையும் ஒன்றோடொன்று தைத்து நீண்ட குழாயாக்கி, கோரிஸ் என்ற ஆற்றிலிருந்து பன்னிரண்டு நாள் நடைதூரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து, பாலைவனத்தில் வெட்டிவைத்த தொட்டிகளில் விட்டான்.

இரண்டாவது கதை அவ்வளவாக நம்பத்தக்கதல்ல, ஆனாலும் சொல்லப்படுவதால் எழுதுகிறேன் என்கிறார் ஹெரோடோட்டஸ். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பையும் குழாயும் சேர்ந்த ஏற்பாடு அப்போதே கற்பனையில் இருந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு நாள் தூரத்துக்குத் தோல் குழாய் என்றால், ஒவ்வொரு தையலிலும் ஒவ்வொரு சாண் தோலிலும் கசிந்து, கடைசியில் தொட்டிக்கு என்ன வந்து சேரும்?

நம் ஊரிலும் ஒரு தோல் குழாய் இருந்தது. கமலை அல்லது கவலை என்ற கிணற்று இறைவை. மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். சாலின் அடியில் அகலமான தோல் வால். வாலின் முனையை ஒரு மெல்லிய கயிறு மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும், அதனால் நீர் வெளியேறாது. மேலே வந்ததும் வால் தாழ்ந்து நீரைத் தொட்டியில் கொட்டும். வால்வே தேவையில்லை, முனையின் உயரம்தான் வால்வு. அந்த வாலைக் காயவைப்பது யாருக்கும் பிரச்சினையாக இருந்திருக்காது. இரண்டு பக்கமும் திறந்த, கை தாராளமாக நுழையும் குழாய் அது. காற்றே காயவைத்துவிடும். அங்கேயும் கவலை எதிர்த்திசையில்தான்: இறைப்பு இல்லாத நாட்களில் வால் விறைத்துவிடக் கூடாது.

பிஷ்தியின் தோளில்

வட இந்தியாவில் இந்தப் பைக்கு மஷக் என்று பெயர். ஆட்டின் தோலைக் கிழிக்காமல் முழுதாக உரித்துப் பதப்படுத்தி, கால் பக்கத்துத் துளைகளைத் தைத்து மூடி, கழுத்தை வாயாக வைத்துக்கொள்வார்கள். நிரப்பினால் சுமார் 30 லிட்டர். அதாவது 30 கிலோ. அதை இடுப்போரம் வார் போட்டுச் சுமந்து, கழுத்துப் பகுதியைக் கையால் நெரித்தும் தளர்த்தியும் தேவையான அளவு நீர் விடுகிறவர் பிஷ்தி. பிஹிஷ்த் என்றால் பாரசீகத்தில் சொர்க்கம். அதிலிருந்து வந்த பெயர். கர்பலாவில் கி.பி. 680இல், தாகத்தில் தவித்தவர்களுக்காக யூப்ரடீஸ் நதியிலிருந்து தோல் பையில் நீர் எடுத்துவரும்போது கொல்லப்பட்ட அப்பாஸின் வழியில் வந்தவர்களாகத் தங்களைக் கருதி, அப்பாஸி என்று பெயர் வைத்துக்கொள்ளும் சமூகம் அது.

1539இல் சௌசா போரில் ஷேர் கானிடம் தோற்ற ஹுமாயூன், கங்கையில் மூழ்கும் நிலையில் இருந்தபோது நிஜாம் என்ற பிஷ்தி தன் மஷக்கில் காற்றடைத்துக் கொடுத்து அவரைக் கரைசேர்த்தார். பதிலுக்கு நிஜாமைச் சிறிது காலம் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார் ஹுமாயூன். எவ்வளவு நேரம் என்பதில் அந்தக் காலக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. ராஜா கதையை விட்டுவிட்டு அந்தப் பையை மட்டும் பாருங்கள். ஒரு ஆளை மிதக்கவைக்கும் அளவுக்குக் காற்றைப் பிடித்திருக்கிறது என்றால், அந்தத் தோல் வெடிப்பில்லாமல், தையல் விடாமல், மிக நல்ல பராமரிப்பில் இருந்திருக்கிறது. பேரரசரின் உயிர் அன்று ஒருவருடைய தினசரிப் பராமரிப்பு வேலையின் மேல் மிதந்தது.

மஷக்கை விடப் பெரியது பக்கால். முழு மாட்டுத் தோல், ஏறக்குறைய 20 காலன், அதாவது 90 லிட்டர். இரண்டு பக்கால்கள் ஒரு எருதின் இரு பக்கமும் தொங்கும். அதை நடத்துகிறவர் பக்காலி. 1785ஆம் வருடத்துச் சென்னை ராணுவ விதிகளில் ஒரு பட்டாலியனுக்குப் பத்துப் பக்காலிகள் அனுமதிக்கப்பட்டதாக ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. துப்பாக்கி தூக்காத பத்துப் பேர், தண்ணீருக்காக மட்டும்.

இந்தத் தண்ணீரை எல்லோரும் குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் வந்த நீர் தீட்டு என்று ஆசாரம் பார்க்கும் இந்துக்கள் அதை மறுத்தார்கள். அதே நகரத்தில், தெருப் புழுதி அடங்க அதே மஷக்கிலிருந்துதான் நீர் தெளிக்கப்பட்டது. அந்த வேலைக்கும் மரியாதைக்கும் இடையில் இருந்த தூரம் பெரியது. பெயரில் சொர்க்கம் இருந்தது, கூலியில் இல்லை.

எனக்கு இங்கே முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பிஷ்திக்கு, நாம் சொல்கிற அர்த்தத்தில், "இரண்டு பயணங்களுக்கு நடுவே" என்ற ஒன்றே கிடையாது. காலையும் மாலையும் தினமும் சுமந்தார். மஷக்குக்கு ஓய்வு என்றால் ராத்திரி மட்டும்தான். தினசரி உபயோகமே அதைக் காயவிடாமல் காத்தது. தோல் பை நன்றாக உழைத்ததற்குத் தோல் மட்டும் காரணமில்லை. அதன் பக்கத்திலேயே அதை விட்டு நகராத ஒரு மனிதர் இருந்ததும் காரணம். குழாய்த் தண்ணீர் வந்தபோது பை போனது, கூடவே அந்தப் பராமரிப்பு அறிவும் அதை வைத்திருந்தவரின் பிழைப்பும் போயின. கொல்கத்தாவிலும் பழைய டெல்லியிலும் மிகச் சிலர் மட்டும் இந்த நூற்றாண்டிலும் மஷக் சுமந்திருக்கிறார்கள்.

கான்வாஸும் ரப்பரும்

தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இரண்டு படிகள் இருக்கின்றன.

ஒன்று கான்வாஸ் பை. அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களைக் காரில் கடந்தவர்கள், சணல்போன்ற ஃப்ளாக்ஸ் நாரில் நெய்த தண்ணீர்ப் பையை வண்டியின் முன்னால் தொங்கவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கம் உண்டு. இந்தியாவிலும் ராணுவமும் ரயில் பயணிகளும் கான்வாஸ் பை உபயோகித்தார்கள். முதலில் பையை நனைக்க வேண்டும். நார்கள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் மெல்லக் கசியும். அந்தக் கசிவுதான் அதன் சிறப்பு. வெளிப்பரப்பில் ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், உள்ளே இருக்கும் நீர் குளிரும். நம் மண்பானையின் அதே கணக்கு. கசிகிற பை என்பதால் காற்றோட்டத்தில் தொங்கவிட்டால் உள்ளும் புறமும் தானாகக் காய்ந்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும். இங்கேதான் விதி முதல்முறையாகத் திரும்புகிறது: காயவைத்து மடி.

இன்னொன்று ரப்பர். சுடுதண்ணிப் பை வைத்திருந்த வீடுகளில் பாட்டிமார்களுக்குத் தெரிந்த முறை ஒன்று உண்டு. நீரைக் கொட்டி, வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டு, காய்ந்த பின் உள்ளே கொஞ்சம் காற்றை விட்டு மூடி வைப்பது. காற்று இல்லாவிட்டால் ரப்பர் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்துவரும். ஸ்பெயினில் திராட்சரசம் வைக்கும் போட்டா என்ற ஆட்டுத்தோல் பைக்கும் இதே பழக்கம். உள்ளே கீல் பூசியிருப்பார்கள். தட்டையாக வைத்தால் கீலோடு கீல் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊதி, காற்றோடு வைப்பார்கள்.

கவனித்தால், பை நீர் கசியாததாக ஆக ஆக, காற்று என்பது நாம் தனியாக உள்ளே வைக்க வேண்டிய ஒரு பொருளாகிவிடுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை

இப்போது டெக்சாஸுக்கு வருவோம். விச்சிட்டா ஃபால்ஸ் நகரம் தன் நூறாவது ஆண்டைக் கொண்டாட 1982இல் ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கியது: நூறு ஆண்டு, நூறு மைல், நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். நம் கணக்கில் 161 கிலோமீட்டர், 38 டிகிரி. 1980களின் இறுதியில் இதில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன் என்பவர் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். கைக்குத் தெரிந்த பொருளையே எடுத்தார். நரம்பில் ஏற்றும் சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளமான சாக்ஸுக்குள் போட்டு, சட்டையின் முதுகில் தைத்து, குழாயைத் தோள் மேலாக முன்னால் கொண்டுவந்து, துணி கிளிப் மாட்டி நீரை நிறுத்தினார். இதிலிருந்து பிறந்ததுதான் கேமல்பேக் நிறுவனம். 1990களில் அமெரிக்க ராணுவ வீரர்கள் முதுகிலும் அது ஏறியது.

சலைன் பை ஏன் மடங்கும் பையாக இருக்கிறது? முன்பு சலைனும் ரத்தமும் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தன. கண்ணாடி சுருங்காது. நீர் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றோடு கிருமியும் போகலாம். 1950இல் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபியும் ரத்தத்துக்கான பிளாஸ்டிக் பையை உருவாக்கினார்கள். கொரியப் போரில் அது சோதிக்கப்பட்டது. பிறகு சலைனும் பைக்கு மாறியது. பை சுருங்கும், அதனால் காற்றே தேவையில்லை. வெளிக்காற்று உள்ளே வராமல் கடைசிச் சொட்டு வரை இறங்கும்.

இந்த ஒரு குணத்தால்தான் அது சைக்கிள்காரரின் முதுகிலும் வேலை செய்தது. நாம் உறிஞ்ச உறிஞ்சப் பை சுருங்கும், நீர் குலுங்காது, காற்றுத் துளை வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இந்தப் பைக்கு இன்னொரு விதியும் உண்டு: ஒரே ஒரு முறைதான் உபயோகம். முடிந்ததும் குப்பைக்கு. அதன் சுத்தம், தூக்கிப் போடுவதில்தான் அடங்கியிருக்கிறது. காயவைப்பதைப் பற்றி அதை வடிவமைத்தவர்கள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐட்சன் அந்தப் பையை எடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த தொழில் அதைப் பல வருடம் உழைக்கும் பொருளாக மாற்றியது. ஒருமுறைப் பையின் உருவம், பலமுறைப் பையின் வாழ்க்கை. சாஃப்ட்வேர் வேலையில் எனக்கு இது ரொம்பப் பழக்கமான நிலைமை. ஒரு முறை ஓடி முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று எழுதின புரோகிராமை யாராவது வருஷக்கணக்கில் ஓடும் சர்வராக மாற்றுவார்கள். ஒருமுறை ஓட்டத்தில் கண்ணில் படாத மிச்சங்கள் எல்லாம் அப்போது சேர ஆரம்பிக்கும். பிளாடரில் சேரும் மிச்சத்தின் பெயர் ஈரம்.

அதற்குப் பிறகு வந்த மேம்பாடுகளைப் பாருங்கள்: கை நுழையும் அகலமான வாய், உள்புறத்தை வெளியே திருப்பக்கூடிய பை, கழற்றி மாட்டும் குழாய், நீளமான பிரஷ், சுவர்களைப் பிரித்துவைக்கும் ஹேங்கர். நீர் குடிக்க இவை எதுவும் தேவையில்லை. எல்லாமே குடித்து முடித்த பிறகுக்கானவை.

ஒரு சொட்டுக் கணக்கு

மூடிய பை ஏன் காய்வதில்லை என்பதை எண்களில் பார்த்தால் தெளிவாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். இரண்டு லிட்டர் பையை நன்றாக ஊதி நிறைத்தாலும் உள்ளே இருப்பது இரண்டு லிட்டர் காற்று. அது தாங்குவது 0.06 கிராம். ஏறக்குறைய ஒரு சொட்டு. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் காற்றில் ஒன்றும் ஆவியாகாது, எத்தனை நாள் தொங்கினாலும் சரி.

கொட்டிய பிறகும் பைக்குள் 5 மில்லி நீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது போக, சுத்தமாக உலர்ந்த காற்றே கிடைத்தாலும், உள்ளே இருக்கும் காற்று 80 முறைக்கு மேல் மாற வேண்டும். சென்னைக் காற்று உலர்ந்ததா? ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், தாங்குவதில் முக்கால்வாசி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அப்போது 300 முறைக்கு மேல். வாய் குறுகலாக, சுவர்கள் ஒட்டியபடி இருந்தால் இது நடக்காது. வாயை அகலத் திறந்து, உள்ளே எதையாவது வைத்துச் சுவர்களைப் பிரித்து, ஃபேன் காற்றில் வைத்தால் ஒரே ராத்திரியில் நடக்கும்.

குழாய் இன்னும் மோசம். உள்விட்டம் 6 மி.மீ., நீளம் ஒரு மீட்டர் என்றால் அதன் கொள்ளளவு வெறும் 28 மில்லி. சுவரில் ஒரு மில்லி நீர் ஒட்டியிருந்தாலே, உலர்ந்த காற்று ஆயிரம் முறைக்கு மேல் மாற வேண்டும். அதுவும் ஒரு முனையில் வால்வு மூடியிருந்தால் காற்று ஒரு முறைகூட மாறாது. கறுப்புப் புள்ளி எப்போதும் குழாயிலேயே முதலில் வருவதற்கு இதுதான் காரணம்.

வழி என்ன? முதலில், ஆவியாக்குவதற்கு முன்னால் முடிந்தவரை நீராகவே வெளியேற்றுவது. வால்வைக் கழற்றி, குழாயை நடுவில் பிடித்துக் கவண் மாதிரி வேகமாகச் சுழற்றினால் இரண்டு முனை வழியாகவும் சொட்டுகள் தெறிக்கும். மொட்டை மாடியில் செய்யுங்கள், ஹாலில் வேண்டாம். பிறகு மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்பைக் குழாயில் மாட்டலாம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்று, அதே 75 சதவீத ஈரப்பதம் என்று கணக்குப் போட்டால், ஒரு மில்லி நீர் போகக் குறைந்தது ஒரு மணி நேரம். நான் மூன்று மணி நேரம் விடுகிறேன்.

ஈரம் இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிருமிகள் தண்ணீரில் தனித்தனியாக மிதப்பதைவிட, சுவரில் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பசைப்படலம் கட்டி வாழ்வதையே விரும்புகின்றன. பயோஃபிலிம் என்பார்கள். பல்லில் வழவழப்பாகத் தட்டுப்படுவதும் அதுதான்; 1683இல் லேவன்ஹூக் தன் பல்லைச் சுரண்டி லென்ஸில் பார்த்ததும் அதைத்தான். படலம் ஏறிவிட்டால் வெறும் தண்ணீர் ஊற்றி அலசுவதில் போகாது. தேய்த்தால்தான் போகும். குளுக்கோஸ், எலக்ட்ரோலைட் பவுடர் கரைத்த நீர் என்றால் அதற்கு விருந்தே வைத்த மாதிரி.

ஓய்வு விதிகள்

இவ்வளவும் படித்துவிட்டு நான் கடைப்பிடிக்கும் முறை இது. வந்த அன்றைக்கே, குளிக்கப் போகுமுன், பையைக் கழுவிவிடுவது. படலம் கட்ட அவகாசம் தருவதில்லை. வெந்நீர், கொஞ்சம் சமையல் சோடா, குழாய்க்கு நீள பிரஷ். வால்வையும் மூடியையும் தனித்தனியாகக் கழற்றி வைப்பது. பிளீச் போடுவதானால் தயாரிப்பாளர் சொன்ன அளவில் மட்டும், நன்றாக அலசி. பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். பிறகு சுழற்றல், ஃபேன், பம்ப். வெயிலில் போடுவதில்லை, புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைப் பொரபொரப்பாக்கிவிடும். காய்ந்தபின் மடிக்காமல், வாயைத் திறந்தபடி, உள்ளே சுருட்டிய சமையலறைத் தாள் வைத்து, தொங்கவிடுவது.

அதற்கு நேரமில்லாதவர்கள் நீரைக் கொட்டிவிட்டு ஃப்ரீசரில் வைக்கிறார்கள். இதுவும் சரிதான். கிருமி சாகாது, வளராது. வெளியே எடுத்ததும் உறைந்த குழாயை வளைக்காமல், இளகும்வரை விட வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை கழுவவும் வேண்டும்.

தோலுக்கு ஈரமும் கொழுப்பும், கான்வாஸுக்கு நிழலும் காற்றும், ரப்பருக்கு உள்ளே அடைத்த கொஞ்சம் காற்று, பிளாஸ்டிக்குக்குப் பொறுமை. கசிவை ஒரு குறையாகப் பார்த்து அதை ஒழித்தோம். குறை என்று நினைத்த அந்தக் கசிவுதான் இத்தனை காலம் பையைக் குளிரவைத்தது, காயவும் வைத்தது. கசிவு போனதும் அதன் வேலை நம் தலையில் விழுந்தது. முன்பு அந்த வேலைக்கு ஒரு ஆள் இருந்தார், அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. பட்டாலியனுக்குப் பத்துப் பேர் என்று கணக்கும் இருந்தது. இப்போது மலையிலிருந்து களைத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இரவில், அந்தப் பத்துப் பேரின் வேலையில் ஒரு சின்னப் பங்கை நாம் செய்கிறோம்.